திருப்பிப் போட்ட கோட்டு

இடுப்பு வரை சேற்றில் நிற்கும்போது மனிதனுக்குப் பல விஷயங்கள் தெளிவாகும். எனக்கு முதலில் தெளிவானது, வலது காலில் பூட்ஸ் இல்லை என்பது. இங்கிலாந்தில் எங்கள் டார்ட்மூர் மேட்டுச் சதுப்பு எடுத்துக்கொண்டதைத் திருப்பித் தராது. என் அண்ணன் ஒருமுறை இதே இடத்தில் குதிரையையும் வண்டியையும் கொடுத்துவிட்டு வந்தான். அடுத்த வசந்தத்தில் குதிரை மட்டும் பக்கத்துப் பள்ளத்தாக்கில் மேலே வந்தது, கொஞ்சம் சதை போட்டிருந்தது. வண்டி என்ன ஆயிற்று என்று எனக்குத் தெரியாது. தெரியாததை நான் சொல்வதில்லை.

நான் அங்கே நின்றது வேலையாக. எங்கள் ஊர்ப் பள்ளிக்கூடப் பிள்ளைகள் ஆறு பேர், மே மாதத்துப் பத்துக் குன்று நடைக்குத் தயாராகிக்கொண்டிருந்தார்கள். இரண்டு நாளில் பத்துப் பாறைக்குன்றுகளைத் தொட்டுவிட்டு வர வேண்டும். கூடாரம், அடுப்பு, சாப்பாடு எல்லாம் அவரவர் முதுகில். பெரியவர்கள் யாரும் கூடப் போகக்கூடாது, வழி சொல்லக்கூடாது. பயிற்சிக்கும் அதே சட்டம்தான். ஆனாலும் பதினைந்து வயதுப் பிள்ளைகளைப் பொட்டல் மேட்டில் அப்படியே விட்டுவிட முடியாது என்பதால், ஒருவர் தூரத்தில் பின்தொடர்வார். பூகோள டீச்சர் மிஸ் நார்த்காட் அதற்கு எர்னிதான் சரி என்று என்னைப் பிடித்தார். அவசரமென்றால் பிள்ளைகளுக்குச் சட்டென்று தெரியட்டும் என்று ஆரஞ்சு நிறக் கோட்டு ஒன்றும் கொடுத்தார். மெல்லிய கோட்டு. நான் அதன் உள்பக்கம் ஒரு முழு ஆட்டுத்தோலைக் கம்பளியோடு வைத்துத் தைத்துக்கொண்டேன்.

அன்றைய நடை கடைசிப் பயிற்சி. ஐந்து மணிக்குள், யார் உதவியும் இல்லாமல், ஆற்றின் குறுக்கே போட்ட கல்பாலத்துக்கு வந்து சேர்ந்தால்தான் பள்ளிக்கூடம் மே மாத நடைக்கு அவர்கள் பெயரைக் கொடுக்கும். மற்ற ஐந்து பேரைவிட ஹெஸ்டருக்குத்தான் இது முக்கியம். ஆட்டுப்பண்ணைக்காரர் மகள். போன வருஷம் காம்பஸ் அவள் கையில்தான் இருந்தது. மூடுபனியில் குழுவையே வேறு கிராமத்து மதுக்கடை வாசலில் கொண்டுபோய் நிறுத்தினாள். அதற்குப் பிறகு ஊரில் யார் எங்கே போக வேண்டுமென்றாலும் அவளிடம் வழி கேட்டுச் சிரிப்பார்கள். நானும் இரண்டு முறை கேட்டிருக்கிறேன். இந்த வருஷமும் காம்பஸ் தனக்குத்தான் வேண்டும் என்று அவளே கேட்டு வாங்கியிருந்தாள்.

மத்தியானத்துக்கு மேல் மூடுபனி இறங்கியது. எவ்வளவு கெட்டி என்றால், பிளாஸ்கை அதன்மேல் வைத்துவிட்டு மூக்கைச் சிந்தினேன்; திரும்பிப் பார்த்தால் பிளாஸ்க் வைத்த இடத்திலேயே இருந்தது. நான் பிறந்ததிலிருந்து அந்த மேட்டில் வழி தவறியதில்லை. அன்றும் தவறவில்லை. மேடுதான் சற்று நகர்ந்துவிட்டது. ஒரே நடுகல் மறுபடி மறுபடி எதிரே வந்து நின்றபோது எனக்குப் புரிந்துவிட்டது, இது பிக்சிகளின் வேலை. முழங்கால் உயரக் குட்டிப் பிசாசுகள். நடக்கிறவனைச் சுற்றிச் சுற்றி விட்டு வேடிக்கை பார்ப்பவை. அதற்கு எங்கள் பக்கத்தில் கைக்குழந்தைக்கும் தெரிந்த வைத்தியம் உண்டு. கோட்டைக் கழற்றி, உள்பக்கம் வெளியே தெரிகிற மாதிரி போட்டுக்கொண்டால் அவை குழம்பிப் போய்விடும். போட்டுக்கொண்டேன். தைரியமாகப் பத்தடி வைத்தேன். சேறு.

இடுப்புக்கு மேல் அங்கே ஆழமில்லை என்பது தெரியும். குளிர்தான். கத்தியிருக்கலாம். ஆனால் பெரியவர் ஒருவர் குரல் கொடுத்தார் என்றால் அன்றைய நடை கணக்கில் சேராது. அதனால் வாயை மூடிக்கொண்டு நின்றேன். இரண்டு ஆடுகள் வந்து என்னை முகர்ந்து பார்த்து, சொந்தக்காரன்தான் என்று முடிவு செய்து, பக்கத்திலேயே மேய ஆரம்பித்தன.

அப்போதுதான் குரல்கள் கேட்டன.

"அங்க பாரு, ஒரு ஆடு சேத்துல மாட்டிருக்கு." வில்ஃப். நெட்டைப் பையன், எந்நேரமும் எதையாவது மென்றுகொண்டிருப்பான். "சரி, வா. மணி ஆகுது."

"மாட்டின ஆட்டை விட்டுட்டு வந்தேன்னு தெரிஞ்சா எங்கப்பா என்னை வீட்டுக்குள்ளயே விடமாட்டாரு," என்றாள் ஹெஸ்டர். "கயித்தை எடு."

"உங்க ஆடா அது?"

"யாரு ஆடா இருந்தா உனக்கென்ன. எடுடா."

பனியை விலக்கிக்கொண்டு வந்தாள். ஒரு கை தூரத்தில் நின்றாள். என் மூக்குக்கண்ணாடியைப் பார்த்தாள், நரைத்த மீசையைப் பார்த்தாள். அவள் முகம் சட்டென்று வெளுத்தது. நான் பேசினால் இந்த வருஷமும் போயிற்று என்று அவளுக்கும் தெரியும், எனக்கும் தெரியும். வேறு வழி தோன்றவில்லை.

"மே," என்றேன்.

அதற்குள் மற்ற ஐந்து பேரும் பின்னால் வந்து நின்றார்கள்.

"இந்த ஆடு கண்ணாடி போட்டிருக்கே," என்றான் வில்ஃப்.

"வயசான ஆடு."

"ஹெஸ், நம்ம எர்னி மாதிரியே இருக்கு."

"எர்னி ஆரஞ்சுக் கோட்டுதானே போட்டிருப்பாரு. இது கம்பளி. பேசாம இழு."

அக்குளுக்கடியில் கயிற்றைக் கட்டி ஆறு பேரும் இழுத்தார்கள். "யப்பா, என்னா கனம். எந்நேரமும் தின்னுட்டே இருக்கும்போல," என்றான் வில்ஃப். "உனக்கு அண்ணன்னு வச்சுக்கோ," என்றாள் ஹெஸ்டர். நான் வெளியே வந்தபோது சதுப்பு ஒரு முறை ஏப்பம் விட்டது. பூட்ஸ் இல்லாத காலுக்குக் கூடாரப் பையை மாட்டிக் கட்டினார்கள். கயிற்றின் மறுமுனையை ஹெஸ்டர் தன் கையில் சுற்றிக்கொண்டாள். பெரியவர்கள் கூட வரக்கூடாது என்றுதான் சட்டம். ஆட்டைப் பற்றி அதில் ஒரு வார்த்தையும் கிடையாது.

கல்சுவர் ஒன்று குறுக்கே வந்த இடத்தில் அவள் காம்பஸைப் பார்த்துவிட்டு இடதுபக்கம் திரும்பினாள். எனக்குப் பகீரென்றது. அந்தச் சுவரை எனக்குத் தெரியும், பாலம் வலதுபக்கம். மறுபடி மதுக்கடைக்குத்தான் போகிறாள் என்று நினைத்தேன். இருந்த பலத்தையெல்லாம் கூட்டி "மே" என்றேன். கயிற்றை வலப்பக்கம் இழுத்தேன்.

அவள் நின்றாள். காம்பஸைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள், மறுபடி காம்பஸைப் பார்த்தாள்.

"ஆடு வழி சொல்லக்கூடாது," என்றாள். இடதுபக்கமே இழுத்துக்கொண்டு போனாள்.

கொஞ்ச நேரத்தில் தண்ணீர்ச் சத்தம் கேட்டது. பிறகு பாலம் தெரிந்தது. அந்தச் சுவரை யாரோ இடம் மாற்றிக் கட்டியிருக்கிறார்கள் என்பதில் எனக்கு இன்றுவரை சந்தேகமில்லை.

பாலத்தின்மேல் மிஸ் நார்த்காட் கையில் கடிகாரத்தோடு நின்றார். மணி ஐந்தடிக்க இன்னும் சற்று நேரம் இருந்தது. ஆறு பிள்ளைகளையும் ஒவ்வொருவராகப் பார்த்தார். கடைசியில் கயிற்றின் முனைக்கு வந்தார். சிரித்து நான் பார்த்திராத முகம் அது.

"எர்னி எங்க?"

"தெரியல மிஸ்," என்றாள் ஹெஸ்டர். "பின்னாடி எங்கயாவது வந்துட்டிருப்பாரு."

"இது?"

"வழியில மாட்டிக்கிட்டு இருந்துச்சு மிஸ். விட்டுட்டு வர மனசு வரல."

"ம். வழி கிழி சொல்லிச்சா?"

"சொல்லப் பாத்துச்சு மிஸ்," என்றான் வில்ஃப். "தப்பு வழி."

மிஸ் நார்த்காட் கடிகாரத்தைப் பைக்குள் போட்டார். பாலத்திலிருந்து இறங்கிக் கரைக்கு வந்தார். குனிந்து, ஈரப் புல்லை ஒரு கைப்பிடி பிடுங்கினார். வேரிலிருந்த மண்ணை நிதானமாகத் தட்டிவிட்டு, உள்ளங்கையை விரித்து என் முகத்துக்கு நேரே நீட்டினார். வில்ஃப் மெல்லுவதை நிறுத்தியிருந்தான். ஹெஸ்டரின் கையில் கயிறு இறுகுவது என் விலாவில் தெரிந்தது.

நான் கண்ணாடியைச் சரிசெய்துகொண்டு, வாயைத் திறந்து, அந்தப் புல்லை நோக்கித் தலையைத் தாழ்த்தினேன்.