ஆயில் போல்ட்டுக்கு மூன்று மஞ்சள் புள்ளி

சொந்தக் காருக்கு ஆயில் மாற்றக் கோதண்டராமன் ஐந்து பக்கம் எழுதி, டைப் அடித்து, பிளாஸ்டிக் உறையில் போட்டு வைத்திருந்தார்.

பொம்மசந்திராவில் பம்பு செய்யும் கம்பெனி ஒன்றில் அவர் தர மேலாளர். போன வருடம், தொண்ணூற்றாறில், கம்பெனிக்கு ஐஎஸ்ஓ சான்றிதழ் கிடைத்தது. அன்றிலிருந்து எழுதி வைக்காத எதையும் அவர் செய்வதில்லை. காஸ் சிலிண்டர் மாற்றுவதற்கும் ஒரு பக்கம் எழுதி அடுப்படியில் ஒட்டினார். அவர் மனைவி ராதா அதன்மேல் காலண்டரை மாட்டிவிட்டாள்.

அந்த ஞாயிற்றுக்கிழமை இரண்டு பேரை வீட்டுக்கு வரச் சொல்லியிருந்தார். ஒருவன் ஹரிஷ்குமார், அவருக்குக் கீழே வேலை பார்க்கும் இன்ஜினியர். இஸ்திரி போட்ட வெள்ளைச் சட்டையில் வந்தான். இன்னொருவன் ஃபிட்டர் சின்னப்பா. ஆஸ்டின் டவுனிலிருந்து இரண்டு பஸ் மாறி, பி.டி.எம். லேஅவுட்டுக்கு வந்து சேர்ந்தான். நாலு வருடமாகக் கான்ட்ராக்டில் இருப்பவன். அவனை நிரந்தரமாக்கும் படிவம் மூன்று வாரமாகக் கோதண்டராமனின் தோல்பைக்குள் கிடந்தது. மற்ற எல்லார் கையெழுத்தும் விழுந்தாயிற்று, அவருடையதுதான் பாக்கி. நாளைக்கு அது ஆபீசுக்குப் போய்ச் சேராவிட்டால் சின்னப்பா கம்பெனி கேட்டுக்கு வெளியே.

"பாக்கலாம், ஞாயித்துக்கிழமை வீட்டுக்கு வா" என்றிருந்தார். வந்துவிட்டான்.

காரின் முன்சக்கரங்களைத் தடித்த மரக்கட்டைகள்மேல் ஏற்றி, பின்சக்கரங்களுக்குக் கல் அண்டை கொடுத்து, சாக்கை விரித்துச் சின்னப்பா அடியில் போனான். ஆயில் தொட்டியின் அடியிலிருந்த போல்ட்டைக் கழற்றியதும் பழைய ஆயில் தார் மாதிரி கீழே வைத்திருந்த பேசினில் இறங்கியது. போல்ட்டோடு ஒட்டியிருந்த வாஷரை நகத்தால் பெயர்த்தெடுத்துக்கொண்டு வெளியே வந்தான்.

"சார், வாஷர் நசுங்கிப் போச்சு. காயிதம் மாரி கீது. நான் புதுசு கொண்டாந்திருக்கேன்."

"எங்க வாங்கின?"

"ஜே.சி. ரோட்டுல சார்."

"டெஸ்ட் சர்டிபிகேட் இருக்கா?"

"வாஷருக்கா சார்?"

"எதுவா இருந்தா என்ன? சர்டிபிகேட் இல்லாத பொருள் உள்ள போகக் கூடாது. பக்கம் மூணு."

"பழசுக்கு மட்டும் இருக்குதா சார்?"

கோதண்டராமன் கொஞ்சம் யோசித்தார். "அது ஏற்கெனவே உள்ள இருந்த பொருள். அதுக்குத் தேவையில்ல."

"கரெக்ட் சார்" என்றான் ஹரிஷ்குமார்.

செம்பு வாஷர் ஒரு தடவை நசுங்குவதற்கென்றே செய்யப்பட்ட பொருள். நசுங்கித்தான் இடுக்கை அடைக்கும். இரண்டாம் தடவை நசுங்க அதில் ஒன்றும் மிச்சமிருக்காது. இது சின்னப்பாவுக்குத் தெரியும். கையெழுத்துப் போட வேண்டிய ஆளிடம் இரண்டு கேள்விக்கு மேல் கேட்கக் கூடாது என்பதும் தெரியும். பழைய வாஷரைத் துடைத்துப் போட்டு, போல்ட்டைக் கையால் திருகி, ஸ்பேனரில் அளவாக ஒரு இழுப்பு இழுத்து நிறுத்தினான். கம்பெனி வழக்கப்படி அதன் தலையில் மஞ்சள் பெயின்ட்டால் ஒரு புள்ளி வைத்தான்.

கம்பெனியில் ஒவ்வொரு போல்ட்டுக்கும் மூன்று புள்ளி. முறுக்கியவனுக்கு ஒன்று, இன்ஜினியருக்கு ஒன்று, மேலாளருக்கு ஒன்று. மேலே இருப்பவர்கள் செக் பண்ணுவதென்றால் இன்னொரு தடவை முறுக்குவது. போல்ட்டு இம்மியாவது நகர்ந்தால்தானே சம்பளம் வாங்குகிறவனுக்குத் திருப்தி? வெள்ளைச் சட்டையோடு ஹரிஷ்குமார் அடியில் போனான், பல்லைக் கடித்து முறுக்கினான், புள்ளி வைத்தான், முதுகெல்லாம் கறுப்பாக வெளியே வந்தான்.

புது ஆயிலை டப்பாவோடு கவிழ்த்து ஊற்றினார்கள். மூன்று லிட்டர். கோதண்டராமன் குனிந்து பார்த்தார். போல்ட்டின் விளிம்பில் ஒரு சொட்டு திரண்டு நின்றது.

"லீக்."

"வாஷர் சார்" என்றான் சின்னப்பா.

"டைட் பத்தல. பைப்ப எடு."

ஸ்பேனரின் வாலில் மூன்றடி பைப்பைச் செருகிக்கொண்டு அவரே படுத்தார். சின்னப்பாவால் சும்மா இருக்க முடியவில்லை.

"வேணாம் சார். ஆயில் தொட்டி வெறும் தகரம். மரை போயிடும்."

"நீ முதல் லெவல், சின்னப்பா. நான் மூணாவது லெவல்."

கறக் என்று ஒரு சத்தம். பிறகு கோதண்டராமனின் குரல் குழைந்து வந்தது. "பாரு ஹரிஷ், இப்ப எவ்ளோ ஸ்மூத்தா சுத்துது!"

"சூப்பர் சார்."

மூன்றாவது புள்ளியை வைத்தார். எழுந்து, கையைத் துடைத்து, ஐந்தாம் பக்கத்தின் அடியில் கையெழுத்துப் போட்டார். பேனாவை மூடும்போது போல்ட்டு கழன்று டைல்ஸில் விழுந்து உருண்டது. சின்னப்பா மல்லாந்து பாய்ந்து, பொத்துக்கொண்டு வந்த ஆயிலுக்குள் கட்டை விரலைக் கொடுத்து ஓட்டையை அடைத்தான்.

சத்தம் கேட்டு ராதா வாசலுக்கு வந்தாள். அந்த வெள்ளை டைல்ஸ் போன மாதம்தான் பதித்தது.

"ஐயையோ! ஒரு சொட்டு விழுந்தாலும் கறை போகாதுன்னு மேஸ்திரி சொல்லிட்டுப் போனானே!"

"பேசின் ரொம்பியிருக்கு. ஒரு பக்கெட் குடு" என்றார் கோதண்டராமன்.

"எல்லாத்துலயும் காவேரித் தண்ணி பிடிச்சு வெச்சிருக்கேன். இனிமே புதன்கிழமைதான் வரும். ஒண்ணையும் கவுக்க மாட்டேன்."

காலி ஆயில் டப்பா கோதண்டராமனின் காலடியில் நின்றது. பழையதை அதில் ஊற்றினால் பேசின் காலி. அடியில் கிடந்த சின்னப்பாவின் கண்ணுக்கு அதுதான் நேராகத் தெரிந்தது. மேலே நின்ற இரண்டு பேரும் ஐந்து பக்கத்தைப் புரட்டிக்கொண்டிருந்தார்கள். அதில் டப்பாவைப் பற்றி ஒன்றும் இல்லை. சொல்லலாம் என்று வாயைத் திறந்தான்.

"ஹரிஷ், குறை அறிக்கை ஒண்ணு எழுதிடு" என்றார் கோதண்டராமன். "மூல காரணம், முதல் லெவல்ல ஆபரேட்டர் சரியா முறுக்கல. தீர்வு, ஆபரேட்டருக்கு இன்னும் ஆறு மாசம் பயிற்சி."

"நிரந்தரம் சார்?" என்றான் ஹரிஷ்குமார்.

"பயிற்சியில இருக்கிறவன எப்படி நிரந்தரம் பண்றது?"

சின்னப்பா வாயை மூடிக்கொண்டான். கொஞ்ச நேரம் கழித்துக் கூப்பிட்டான்.

"சார்."

"என்ன?"

"விரல் மரத்துப் போவுது சார்."

"பிடி, பிடி. எடுத்துடாத!"

"எடுக்கணும்னு ஆசையா சார் எனக்கு? கையி பலம் இல்ல. மனசுல அந்த ஃபார்ம் நெனப்பாவே கீது. கையெழுத்து வுழுந்துச்சின்னா கொஞ்சம் தெம்பு வரும்."

"இது பிளாக்மெயில், சின்னப்பா!"

"சத்தியமா இல்ல சார். சும்னே சொன்னேன். தோ, சொட்ட ஆரம்பிச்சிடுச்சி."

ஒரு சொட்டு நிஜமாகவே விழுந்தது. ராதா அதைப் பார்த்தாள். உள்ளே போனாள், தோல்பையை அப்படியே தூக்கிக்கொண்டு வந்து பானெட்மேல் கவிழ்த்தாள்.

"இதுல எது அடியில இருக்கிறவரோட ஃபார்ம்?"

"மேடம், அதுக்கு ஒரு நடைமுறை இருக்கு..." என்று இழுத்தான் ஹரிஷ்குமார்.

"தம்பி, தரையத் தேய்க்கிற பிரஷ் ஒண்ணு இருக்கு. கொண்டாந்து குடுக்கட்டா?"

ஹரிஷ்குமார் படிவத்தைத் தேடி எடுத்துக் கொடுத்தான். கோதண்டராமன் கையெழுத்துப் போட்டார். தேதியும் போட்டார். ராதா அதைப் பிடுங்கி, குனிந்து, காருக்கு அடியில் நீட்டினாள். சின்னப்பா தலையைத் திருப்பி நிதானமாகப் பார்த்தான். இடது கையைச் சட்டையில் துடைத்துக்கொண்டு வாங்கி, மடித்து, பையில் வைத்தான்.

"சார், உங்க காலாண்ட காலி டப்பா கீது பாருங்க. பழைய ஆயில அதுல ஊத்திட்டு பேசினை இப்டித் தள்ளுங்க."

கோதண்டராமன் டப்பாவைப் பார்த்தார். "இத முன்னாடியே சொல்றதுக்கென்ன?"

"பைப்பு வேணாம்னும்தான் முன்னாடியே சொன்னேன் சார்."

புது ஆயில் முழுக்கப் பேசினில் வடிந்த பிறகு சின்னப்பா வெளியே வந்தான். கட்டை விரல் வெளுத்துச் சுருங்கியிருந்தது. தொட்டியைக் கழற்றிப் பட்டறைக்குத்தான் கொண்டுபோக வேண்டும், மூன்று நாளாகும் என்றான்.

"அப்ப நாளைக்கு நான் எப்படி ஆபீஸ் போறது?"

"கம்பெனி பஸ் ஏழு மணிக்கு மெயின் ரோட்டுல வரும் சார். கான்ட்ராக்ட் ஆளுங்க நின்னுக்கினுதான் வரணும், பர்மனென்ட்டுக்கு சீட்டு. நான் முன்னாடியே ஏறிடுவேன். பக்கத்துல உங்களுக்கு ஒரு எடம் போட்டு வெக்கிறேன்."