இடது பக்கத்துக் கல்

பழைய சாமானைத் தேடி அலைகிறவர்கள் எல்லோருக்கும் கொஞ்சம் கிறுக்கு இருக்கும். அறிவரசனுக்கு அது ஒரு பிடி கூடுதல். பெரம்பலூர் துறையூர் சாலையில் அவனும் அவன் மனைவி கலையரசியும் நடத்தும் பட்டறையில் இரும்பைத் தீட்டும் பழைய சாணை மெஷின்களை மட்டும்தான் எடுத்துச் செய்வார்கள். 'கிரைண்டர் சரிசெய்யப்படும்' என்று போர்டு வைத்த புதிதில் ஊர்ப் பெண்கள் மாவரைக்கும் கிரைண்டரைத் தூக்கிக்கொண்டு வந்து வரிசையில் நின்றார்கள். அப்புறம்தான் கலையரசி போர்டில் 'சாணை' என்ற சொல்லைச் சேர்த்தாள். பிரித்துப் பூட்டுவது அவன் வேலை. அதற்கு வேண்டிய பழைய பாகம் எந்தக் காயலான் கடையில் கிடந்தாலும் மோப்பம் பிடித்துக் கொண்டு வருவது அவள் வேலை.

விஜயதசமி அன்று காலையில் அவள் உடையார்பாளையத்தில் இராமலிங்கத்தின் காயலான் கடையில் நின்றாள். வேண்டியது ஒரு மூடி. சுற்றுகிற கல்லின் மேல் முக்கால் வட்டமாகக் கவிந்திருக்குமே, கல் உடைந்தால் துண்டு ஆள்மேல் பாயாமல் தடுக்குமே, அந்த மூடி. அரியலூரில் லேத் பட்டறை வைத்திருக்கும் பாலசுந்தரத்தின் மெஷினுக்கு வலப்பக்க மூடி இருந்தது, இடப்பக்கத்து மூடி எந்தக் காலத்திலோ தொலைந்து போயிருந்தது. தகட்டை வளைத்து ஒன்று செய்து போட்டிருக்கலாம். அறிவரசன் கேட்டால்தானே? வார்ப்பிரும்பு மெஷினுக்கு வார்ப்பிரும்பு மூடிதான் என்று ஒற்றைக் காலில் நின்றான். திருமானூரிலிருந்து பூலாம்பாடி வரை அவள் ஏறி இறங்காத இரும்புக் கடை இல்லை. கடைசியில் அது இராமலிங்கத்திடம், மூடிப்போன முந்திரி ஆலையின் சாமான்களோடு கிடந்தது. முந்தைய நாளே வந்துவிட்டாள். ஆயுத பூசை அன்று இரும்பை வெளியே விட்டால் லட்சுமியும் கூடவே போய்விடுவாள் என்று அவர் கையை விரித்துவிட்டார். அக்கா வீட்டில் படுத்திருந்து, விடிந்ததும் வந்து முதல் போணி செய்தாள். அட்டையில் வரைந்து கொண்டு வந்த அளவை மூடியின் மேல் வைத்துப் பார்த்தால், திருகாணி ஓட்டைகள் மூன்றும் கச்சிதமாகப் பொருந்தின. அந்தச் சந்தோஷத்தில் பேரம் பேசவே மறந்து போனாள்.

மூடி வராமல் மெஷினைக் கொடுக்கக் கூடாது என்றுதான் அவள் சொன்னாள். ஆனால் பாலசுந்தரத்துக்கு அது அப்பா வாங்கிய மெஷின். இந்த வருஷம் பூசையில் அது இருந்தே ஆக வேண்டும் என்றார். கல்லில்லாமல் கொடுக்கலாம் என்று பார்த்தால், மூளியாக எப்படிச் சாமி முன்னால் வைப்பது என்றார். அறிவரசன் தலையாட்டிவிட்டான். இரண்டு பக்கமும் கல்லைப் பூட்டி, மூடி வந்து சேரும்வரை ஓட்டுவதில்லை என்று பேசிக்கொண்டு, மெஷினோடு அவனும் அரியலூர் போய் அங்கேயே தங்கியிருந்தான்.

இராமலிங்கம் மூடியைச் சாக்கில் சுற்றிக் கட்டிக்கொண்டிருந்தார். கலையரசி சும்மா இருந்த நேரத்தில் போனை எடுத்தாள். பாலசுந்தரத்தின் மகள் சுவாதி, முந்தைய நாள் பூசையைப் படம் பிடித்து ஸ்டேட்டஸ் வைத்திருந்தாள். லேத்துக்கும் டிரில்லிங் மெஷினுக்கும் நடுவே பச்சைப் பெயிண்ட் மினுமினுக்க அந்தச் சாணை மெஷின் மாப்பிள்ளை மாதிரி நின்றது. மாலை, சந்தனம், பொட்டு. தன் வீட்டுப் பிள்ளையைப் பார்க்கிற மாதிரி அவளுக்கு மனசு நிறைந்தது. பாலசுந்தரம் தேங்காயோடு வந்தார். லேத்தின் இரும்பு மேல் ஒன்றை உடைத்தார். டிரில்லிங் மெஷின் மேல் ஒன்று. பிறகு சாணை மெஷினிடம் வந்து, மூடி இல்லாமல் திறந்து கிடந்த இடப்பக்கத்துக் கல்லின் விளிம்பில் ஓங்கி அடித்தார். தேங்காய் உடையவில்லை. மறுபடி அடித்தார். உடைந்தது. தேங்காய்த் தண்ணீர் கல்லில் வழிந்தது. எல்லோரும் கும்பிட்டார்கள்.

கலையரசி அந்த இடத்தை மறுபடி ஓட்டிப் பார்த்தாள். சாணைக்கல் பார்க்கத்தான் முரடு. மேஜை உயரத்திலிருந்து தவறி விழுந்தாலே போதும், உள்ளுக்குள் விரிசல் கோடு விட்டுவிடும். கண்ணால் பார்த்தால் தெரியாது. நின்றால் ஒன்றுமில்லை. சுற்ற ஆரம்பித்தால், வேகம் ஏறும்போது கல் துண்டாகி, எதிரே நிற்கிறவன் முகத்தையோ நெஞ்சையோ பிளந்துகொண்டு போகும். பழுது பார்த்த மெஷினை முதல் தடவை ஓட்டும்போது எதிரே நிற்கிறவன் எப்போதும் அறிவரசன்தான்.

அவனுக்குப் போன் அடித்தாள். மணி போய்க்கொண்டே இருந்தது, எடுக்கவில்லை. பாலசுந்தரத்துக்கு அடித்தாள், சுவாதிக்கு அடித்தாள். யாரும் எடுக்கவில்லை. வீடியோவுக்குக் கீழே சுவாதி எழுதியிருந்ததை அப்போதுதான் படித்தாள். போனும் ஆயுதம்தானாம். எல்லார் போனையும் சாமியிடம் வைத்தாகிவிட்டதாம். மறுநாள் மறுபூசை முடிந்துதான் எடுப்பார்களாம், யாரும் கூப்பிட வேண்டாமாம். ஸ்பேனர், திருப்புளியோடு சேர்த்துப் பொட்டு வைத்த போன்களெல்லாம் பலகையில் கிடந்து அலறிக்கொண்டிருக்கும். மறுபூசை நேரத்தில் எவன் அதைத் தொடுவான்?

மறுபூசையில் எல்லா மெஷினையும் ஒரு சுற்று ஓட்டியே ஆக வேண்டும், அதுதான் வழக்கம். மூடி வரட்டும் என்று அறிவரசன் சொல்லியிருப்பான். சும்மா ஒரு சுத்துதான் அறிவு என்று பாலசுந்தரம் சொல்லியிருப்பார். அதோடு இவன் வாய் அடைத்துப் போகும். அது அவளுக்கு நன்றாகவே தெரியும்.

சாக்கு மூட்டையை மொபெட்டில் காலடியில் வைத்துக்கொண்டு கிளம்பினாள். விடுமுறை நாளாயிற்றே, சாலை காலியாக இருக்கும் என்று நினைத்தால், சிமெண்ட் ஆலைக்குச் சுண்ணாம்புக்கல் ஏற்றிக்கொண்டு லாரிகள் ஒன்றன் பின் ஒன்றாகப் போய்க்கொண்டிருந்தன. அவற்றுக்கு மட்டும் பூசையும் இல்லை, லீவும் இல்லை. ஒவ்வொரு லாரியையும் முந்தும்போது புழுதி கண்ணை மறைத்தது. முந்திரித் தோப்பு வளைவில் எதிரே பஸ் வருவது தெரியாமல் ஏறிவிட்டாள். டிரைவர் ஜன்னலுக்கு வெளியே தலையை நீட்டி அவள் பரம்பரையையே இழுத்துத் திட்டினார். திட்டட்டும். அவள் காதில் ஓடியது வேறு சத்தம். மெஷின் சுவிட்சைப் போட்டதும் முதலில் முனகி, பிறகு மெல்ல மெல்ல ஏறுமே, அந்தச் சத்தம். வழியில் ஓரமாக நிறுத்தி இன்னொரு தடவை அடித்துப் பார்த்தாள். எடுக்கவில்லை. அழுகையாக வந்தது. அழுதால் ரோடு தெரியாது என்று அடக்கிக்கொண்டு ஓட்டினாள்.

அரியலூர் பட்டறை வாசலில் பூசணிக்காய் உடைத்துச் சிதறிக் கிடந்தது. உள்ளே லேத் ஓடும் சத்தம் கேட்டது. வண்டியைச் சாய்த்துப் போட்டுவிட்டு மூடியோடு உள்ளே ஓடினாள். லேத்தை ஓட்டி நிறுத்திக்கொண்டிருந்தார்கள். டிரில்லிங் மெஷின் முடிந்திருந்தது. சாணை மெஷினுக்கு நேர் எதிரே, வெள்ளை வேட்டியும் நெற்றியில் விபூதியுமாக அறிவரசன் நின்றான். கை சுவிட்சுக்குப் பக்கத்தில் இருந்தது.

"கைய எடுங்க" என்றாள். மூச்சு வாங்கியது.

எல்லோரும் திரும்பினார்கள். அறிவரசன் முகம் வெளுத்தது. பாலசுந்தரம் நல்ல மனிதர். வாம்மா வா, சரியான நேரத்துக்கு வந்துட்டே என்று சிரித்து, மூடியை வாங்கித் தடவிப் பார்த்தார். அப்பா காலத்தில் இருந்ததே அச்சு அசல் அதேதான் என்று மகளைக் கூப்பிட்டுக் காட்டினார். அந்தச் சந்தோஷத்தின் நடுவேதான் கலையரசி விஷயத்தைச் சொல்ல வேண்டியிருந்தது. தேங்காய் பட்ட கல் அது, கழற்றித் தட்டிப் பார்க்காமல் ஓட்டக் கூடாது என்றாள்.

"எங்கப்பா காலத்துலேருந்து மெஷினு மேலதாம்மா தேங்கா ஒடைக்கிறோம்" என்றார் அவர். "லேத்துக்கு ஆகாதது இதுக்கு மட்டும் ஆயிடுமா? சந்தனம் வெச்சு கும்பிட்ட கல்ல இப்ப போயி கழட்டணுங்கிற. ராகு காலம் வேற வந்துரும்."

லேத் இரும்பு, இது கல் என்று அவள் சொல்லி முடிக்கும் முன்னால் அறிவரசன் குறுக்கே வந்தான். "விடு கலை. நான் பாத்துக்கிட்டுத்தான் இருந்தேன். லேசாத்தான் பட்டுது."

அவள் அவனையே பார்த்தாள். வீடியோவில் அந்த நேரம் அவன் முகம் தெரியவில்லை, கற்பூரம் காட்டத் திரும்பியிருப்பான் என்றுதான் வழியெல்லாம் நினைத்துக்கொண்டு வந்தாள். அவன் பார்க்கவில்லை, அதனால்தான் ஓட்டப் போகிறான் என்று நினைத்துத்தான் பறந்து வந்தாள்.

"பாத்தீங்களா?" என்று கேட்டாள்.

அவன் தலையைக் குனிந்துகொண்டான்.

அவளுக்கு எல்லாம் விளங்கிவிட்டது. கல்லைப் பற்றி அவனுக்குத் தெரியாததா? பட்டறைக்கு வருகிற புதுக் கல்லைக்கூட அவன் தொங்கவிட்டுத் தட்டிப் பார்க்காமல் பூட்ட மாட்டான். அவன் அப்பாவும் தாத்தாவும் பாலசுந்தரத்தின் குடும்ப வயலில் கூலிக்குப் பாடுபட்டவர்கள். இன்றைக்கு அதே பாலசுந்தரம் இவனைப் பக்கத்தில் உட்காரவைத்து இலை போடுகிறார், பத்துப் பேர் நடுவில் நம்ம அறிவு என்று தோளில் கை போடுகிறார். அந்த மனிதர் அப்பாவின் மெஷினுக்கு ஆசையாய் உடைத்த தேங்காயைத் தப்பு என்று சொல்ல இவனுக்கு நாக்கு எழவில்லை. ராத்திரி முழுக்க அதே கல்லுக்குப் பக்கத்தில் படுத்திருந்தும் எழவில்லை. சொல்லுவதைவிட எதிரே நின்று சுவிட்சைப் போடுவது சுலபம் என்று முடிவு கட்டியிருக்கிறான். அட பாவி மனுஷா என்று அவளுக்கு அடிவயிற்றிலிருந்து கோபம் வந்தது. நீ செத்தாலும் பரவாயில்லை, அவர் முகம் வாடக் கூடாதா?

கத்தவில்லை. பாலசுந்தரத்தின் பக்கம் திரும்பினாள்.

"அப்ப நீங்களே சுவிட்ச போடுங்கண்ணே. ஒங்கப்பா மெஷினு. மொத சுத்து ஒங்க கையாலதான் ஓடணும்."

அவருக்கு அது பிடித்துவிட்டது. அதுவும் சரிதான் என்று வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு முன்னால் வந்தார். சுவாதி சாமியிடமிருந்து போனை எடுத்துப் படம் பிடிக்கத் தயாரானாள். அறிவரசன் ஒதுங்கி இடம் விட்டான். கலையரசி கணவனின் முகத்திலிருந்து கண்ணை எடுக்கவில்லை. அவன் சொல்லாவிட்டால் அவளே பாய்ந்து தடுக்க வேண்டும். அதற்காக ஒரு காலை முன்னால் வைத்து நின்றாள். பாலசுந்தரம் மெஷினைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டார். கல்லுக்கு நேரே அவர் நெஞ்சு இருந்தது. விரல் சுவிட்சின் மேல் போனது.

அறிவரசன் அவர் மணிக்கட்டைப் பிடித்துவிட்டான்.

அவன் அந்தக் கையைத் தானாகப் பிடித்தது அதுதான் முதல் தடவை.

"வேணாங்க ஐயா" என்றான். "கல்லு போயிருக்கும். நேத்தே பட்டுடுச்சு. போடாதீங்க."

பிறகு யாரும் ராகு காலத்தைப் பற்றிப் பேசவில்லை. அவன் ஸ்பேனரை எடுத்து, இடப்பக்கத்து நட்டை எல்லா நட்டுக்கும் எதிர்த்திசையில் திருகிக் கழற்றினான். வலப்பக்கத்துக் கல்லையும் கழற்றி, ஒரு கம்பியில் தொங்கவிட்டு, திருப்புளியின் மரப்பிடியால் தட்டினான். கோயில் மணி மாதிரி கணீரென்றது. இடப்பக்கத்துக் கல்லைத் தொங்கவிட்டுத் தட்டினான். டொக்கென்றது. இன்னொரு இடத்தில் தட்டினான். அதே டொக்.

கோடு விட்ட கல்லை முழுசாக வைத்திருக்கக் கூடாது, தெரியாமல் எவனாவது எடுத்துப் பூட்டிவிடுவான். வாசலுக்குக் கொண்டுபோய் பூசணிக்காய்ச் சிதறலுக்குப் பக்கத்தில் வைத்தான். சுத்தியலை ஓங்கக்கூட இல்லை, மேலே லேசாகப் போட்டான். சந்தனப் பொட்டு வைத்திருந்த இடத்தில் கல் இரண்டாகப் பிளந்தது.

பாலசுந்தரம் குனிந்து ஒரு துண்டைத் தொட்டுப் பார்த்தார். நெஞ்சை ஒரு தரம் தடவிக்கொண்டார். "நேத்தே சொல்லியிருக்கலாமே அறிவு. நான் என்ன ஒன்னய கடிச்சா தின்னுடுவேன்?" என்றார். கோபமாகச் சொல்லவில்லை. அடிபட்ட மாதிரி சொன்னார். "இனிமே தரையில ஒடைங்க ஐயா" என்று மட்டும் அறிவரசன் தரையைப் பார்த்துக்கொண்டு சொன்னான். நாலு வார்த்தைதான்.

கலையரசி உள்ளே போய் மூடியைப் பூட்டினாள். கல் இல்லாத வெறும் மூடி. மூன்று திருகாணியையும் ஒழுங்காக முடுக்கினாள், வேலை வேலைதானே. பிறகு சாமி பலகையிலிருந்து அவன் போனை எடுத்துவந்து நீட்டினாள். சந்தனத்தைத் துடைத்துப் பார்த்தான். திரை முழுக்க அவள் பெயர்.

"இத்தன தடவ கூப்பிட்டியா?" என்றான்.

"ஆமா. சாமி எடுக்கல."

அவன் சிரிக்கப் பார்த்தான், முடியவில்லை. மொபெட்டை நிமிர்த்தி அவள் ஏறி உட்கார்ந்தாள். அவன் பின்னால் ஏறினான். பாலசுந்தரம் சாப்பிட்டுப் போகச் சொல்லி வாசல் வரை வந்தார். இன்னொரு நாள் வருகிறோம் என்று அவள்தான் சொன்னாள். வண்டி ஊர் எல்லையைத் தாண்டியது.

"அவரு நெஞ்சுக்கு நேரா கல்லு இருக்கவும் ஒங்களுக்கு வாய் வந்துச்சு" என்றாள் அவள், ரோட்டைப் பார்த்தபடியே. "நீங்க நின்னப்ப வரலையே. அங்க நின்னது எம் புருஷன்னு ஒங்களுக்குத் தோணவே இல்லையா?"

அவன் கையை எடுத்து அவள் தோளில் வைத்தான். பெரம்பலூர் வரும்வரை அந்தக் கை அங்கேயே இருந்தது. அவள் அதைத் தட்டிவிடவும் இல்லை, பிடித்துக்கொள்ளவும் இல்லை.