லுங்கி வழி வந்த கறை

சாயக்கறை துணியை விட்டுப் போவதற்கு அதன் சம்மதம் வேண்டும். குளிர்ந்த நீரில் உப்பும் எலுமிச்சைச் சாறும் கலந்து துணியை ஊறப்போட்டால் கறையின் மனம் இளகும். வாளியை விட்டு இறங்கி, வாசல் வழியாகப் போய்விடும். வெந்நீர் மட்டும் ஊற்றக் கூடாது. இதமாக இருக்கிறதென்று அங்கேயே தங்கிவிடும்.

அந்தத் திங்கட்கிழமை விடிந்ததிலிருந்து சிந்தாமணி வாளிக்கும் கடிகாரத்துக்குமாக நடந்துகொண்டிருந்தாள். வாளிக்குள் அவளுடைய வெள்ளைக் கோட்டு. கோட்டின் முதுகில் பூசணிக்காய் அகலத்துக்கு நீலம். கடைவீதியில் உள்ள ரத்தப் பரிசோதனை நிலையத்தில் ஒன்பது மணிக்கு வேலையில் சேர வேண்டும். கல்யாணத்துக்கு முன் பார்த்த வேலை, பதினோரு வருடம் கழித்து மறுபடி கிடைத்திருக்கிறது. வெள்ளைக் கோட்டோடு வராவிட்டால் வேறு பெண் தயாராக இருக்கிறாள் என்று நிலையத்தின் உரிமையாளர் முன்பே சொல்லியிருந்தார். நேற்று உதவி செய்கிறேன் பேர்வழி என்று அவள் கணவன் நாச்சிமுத்து, அந்தக் கோட்டையும் தன் புது லுங்கியையும் ஒரே வாளியில் முக்கிவிட்டான்.

கறை லுங்கி வழி வந்தது. ஆகவே கணவன் வீட்டு ஆள். பிரஷ் போட்டுத் தேய்ப்பதற்கில்லை.

"உப்புப் போதுங்களா? இன்னும் அரை மூடி பிழியட்டுங்களா?" என்று கேட்டாள்.

"போதுமுங்க, கிளம்பறேன்" என்றது கறை.

கோட்டிலிருந்து கழன்று, வாளி விளிம்பில் கொஞ்சம் சொட்டிவிட்டு, கூடத்தைக் கடந்து செருப்பு விடும் இடம் வரை போனது. பல் துலக்கிக்கொண்டே வந்த நாச்சிமுத்து பார்த்துவிட்டான்.

"அட, எங்கீங்க கிளம்பிட்டீங்க?"

படி தாண்டப் போகிறவரிடம் எங்கே என்று கேட்டால் போகிற காரியம் உருப்படாது. கறை திரும்பி வந்து கோட்டின் மேல் உட்கார்ந்து, வாளித் தண்ணீரில் ஒரு வாய் குடித்தது.

"வாய வெச்சுக்கிட்டுச் சும்மா இருக்க மாட்டீங்களா மாமா?"

"மருவாதிக்கு ஒரு வார்த்தை கேக்கறது தப்பா அம்மிணி?"

"உங்க மருவாதி இப்ப என் முதுகுல உக்காந்துட்டு இருக்குது."

சற்று இளைப்பாறிவிட்டுக் கறை மறுபடி எழுந்தது. அதற்குள் மணி ஏழரை ஆகிவிட்டது. திங்கட்கிழமை ஏழரைக்கு ராகுகாலம். கறை சுவரில் தொங்கிய காலண்டரைப் பார்த்தது, அப்படியே அமர்ந்தது.

"ஒம்பதுக்கு மேல போறனுங்க. இது கிளம்பற நேரமில்லீங்க."

எட்டே காலுக்கு டவுன் பஸ். சிந்தாமணி சமையலறைக்குப் போனாள், எதற்கென்று தெரியாமல் திரும்பி வந்தாள். மறுபடி போய் எரியாத அடுப்பை ஒருமுறை அணைத்தாள். பின்னிய சடையை அவிழ்த்துப் பின்னினாள். அலமாரியிலிருந்து பிளீச்சிங் பவுடர் டப்பாவை எடுத்து மூடியைத் திறந்தவள், கறை பார்த்துக்கொண்டிருப்பதைக் கண்டு திரும்ப வைத்தாள்.

பிறகு வாளியருகே குத்துக்காலிட்டு உட்கார்ந்தாள்.

"ராகுகாலத்துல வாசல் தாண்டத்தானுங்க கூடாது? வீட்டுக்குள்ள இடம் மாறி உக்காரலாமல்லங்க?"

கறை யோசித்தது. "அதுக்குத் தடையில்லீங்க. ஆனாப் பழகின எடமா இருக்கோணும்."

இருவரும் நாச்சிமுத்துவைப் பார்த்தார்கள்.

"என்னைய எதுக்குப் பாக்கறீங்க? நான் போயிக் கடை தொறக்கோணும்."

"நேத்து லுங்கிய முக்கும்போது கடை ஞாபகம் வரலீங்களா?"

அவன் வாயைக் கொப்பளித்துவிட்டு, பனியனைக் கழற்றி வைத்து, நாற்காலியில் உட்கார்ந்தான். கறை முழங்கை வழியாக ஏறி, தோளைச் சுற்றி, நெஞ்சில் பரவிக் கால் நீட்டிக்கொண்டது.

"சில்லுனு இருக்குது" என்றான்.

கோட்டு பளிச்சென்று இருந்தது. ஈரத்தோடு இஸ்திரி போட்டு மாட்டிக்கொண்டு ஓடினாள். பஸ் நகரத் தொடங்கிய பிறகுதான் படியில் கால் வைத்தாள். ஒவ்வொரு நிறுத்தத்திலும் கழுத்தைத் திருப்பித் தன் முதுகைத் தேடினாள்.

"வெள்ளையாத்தான் கண்ணு இருக்குது. நேரா உக்காரு, எனக்குக் கழுத்து வலிக்குது" என்றாள் பின் சீட்டுக்காரி.

நிலையத்தில் உரிமையாளர் அவளை ஒரு சுற்றுச் சுற்றிவரச் சொல்லிப் பார்த்தார். சாவியைக் கையில் கொடுத்துவிட்டு டீ குடிக்கப் போனார். சிந்தாமணி ஊசிகளை அடுக்கினாள், கலைத்தாள், மறுபடி அடுக்கினாள். இத்தனை வருடம் கழித்து நரம்பு பிடிபடுமா என்று விரல்களைத் தேய்த்துக்கொண்டே இருந்தாள்.

முதலில் வந்தது ஒரு சிவப்புப் பட்டுப்புடவை. மடிப்புக் கலையாமல் நாற்காலியில் அமர்ந்தது.

"கொஞ்ச நாளா வெளுத்துக்கிட்டே போறனுங்க. வூட்ல ரத்தம் பாத்துட்டு வரச் சொன்னாங்க."

"ஏதாச்சும் சாப்பிட்டீங்களா?"

"இல்லீங்க, வெறும் வயிறுதானுங்க."

சிந்தாமணி முந்தானையை மேலே ஒதுக்கி ரப்பர் பட்டையைக் கட்டினாள். விரலால் இரண்டு தட்டுத் தட்டினாள். ஜரிகையை ஒட்டி நரம்பு நன்றாக எழும்பியது.