வெள்ளைப் பேன்ட்

தலைமை ஆய்வாளர் குனியவில்லை. நடந்தது அவ்வளவுதான். மற்றதெல்லாம் அதற்குப் பிறகு மைக்கில் பேசியது.

குனியாததற்குக் காரணம் இருந்தது. கோட்டும் பேன்ட்டும் அன்றைக்குத்தான் புதிது, பளீர் வெள்ளை. நெஞ்சில் 'தலைமை ஆய்வாளர்' என்று சிவப்பு நூலில் தைத்திருந்தது. பந்தய லாரிகள் நின்ற கொட்டகையிலோ தரையெங்கும் எண்ணெயும் சேறும். பந்தய விதிகளை வரி பிசகாமல் ஒப்பிப்பவர் என்பதால் எல்லோரும் அவரை 'ரூல்ஸ்' என்று கூப்பிட்டார்கள். அதில் இருந்த கேலி அவர் காதில் மட்டும் பட்டமாக விழுந்தது.

விதி ஒன்றும் கம்பசூத்திரமில்லை. அடிச்சட்டமான சேஸிஸும் இன்ஜினும் ஒரே கம்பெனியுடையவை என்றால், மேலே எந்த லாரியின் கேபினைத் தூக்கி வைத்தாலும் வண்டி 'மாடிஃபைடு' பிரிவில் ஓடலாம். இன்ஜின் வேறு கம்பெனி என்றால் 'ஓப்பன்' பிரிவு. அங்கே ஓடுவதெல்லாம் ராட்சசக் கும்பல். ஆகவே லாரியின் முகத்தைப் பார்த்து ஒன்றும் சொல்ல முடியாது. அடியில் சேஸிஸில் கம்பெனிப் பெயரோடு அடித்திருக்கும் நம்பரைப் பார்க்க வேண்டும். அதற்கு மண்டி போட வேண்டும்.

வரிசைக் கடைசியில் நின்றது அவருடைய தங்கையின் லாரி. வாரம் முழுக்கத் தண்ணீர் லாரி ஓட்டுகிறவள் அவள். மெக்கானிக்கான புருஷன் பழைய இரும்புக் கடைகளில் அலைந்து ஒவ்வொரு உறுப்பாகத் தேற்றிக் கட்டிய வண்டி. மாடிஃபைடு பிரிவில் ஜெயிப்பவருக்குத் தன் அணியில் ஓட்டுநர் வேலை என்று ஒரு பந்தய அணி மேலாளர் அறிவித்துவிட்டு, மேடையில் வந்து உட்கார்ந்திருந்தார். தங்கை மூன்று வாரமாகச் சரியாகத் தூங்கவில்லை.

"சொந்தத் தங்கச்சி வண்டி. கண்ண மூடிக்கிட்டு விட்டுருவாரு பாரு," என்று பின்னால் யாரோ சொன்னார்கள்.

அது போதுமானதாக இருந்தது. ரூல்ஸ் கேபினைப் பார்த்தார், ஒரு கம்பெனி. பானட்டைத் திறந்து இன்ஜினைப் பார்த்தார், வேறு கம்பெனி. நேர்மையாக இருக்க நேரம் பிடிக்கும்; நேர்மையாகத் தெரிவதற்கு ஒரு மைக் போதும். "தங்கையானாலும் விதி விதிதான்! இந்த வண்டி ஓப்பன் பிரிவு!" என்று முழங்கினார். கைதட்டல் வந்தது. மேலாளர்கூடத் தட்டினார்.

தங்கை பக்கத்தில் வந்தாள். "அண்ணா, அடியில நம்பரப் பாத்தியா?"

"பாத்தாச்சு."

"நானே மண்ணெண்ணெய் ஊத்திக் கழுவிப் பாத்தேன் மச்சான்," என்றான் மெக்கானிக். "சேஸிஸும் இன்ஜினும் ஒரே கம்பெனிதான். கேபின் மட்டுந்தான் வேற."

"நீங்க சும்மா இருங்க." தங்கை அவனை அடக்கினாள். "எங்க அண்ணன் பாத்தேன்னா பாத்ததுதான். அந்தக் கடைக்காரன் உங்க தலையில எதையோ கட்டிட்டான்."

அவளுடைய அந்த ஒரு வாக்கியம் ரூல்ஸின் தொண்டையில் மீன்முள் மாதிரி நின்றது.

எல்லோரும் டீ குடிக்கப் போன நேரத்தில் அவர் கொட்டகைக்குத் திரும்பினார். சுற்றுமுற்றும் பார்த்துவிட்டு மண்டி போட்டார். பெருவிரலால் சேற்றைத் துடைத்தார். நம்பர் பளிச்சென்று இருந்தது. ஒரே கம்பெனி. ஒரு குழந்தைகூட எழுத்துக்கூட்டிப் படித்திருக்கும்.

மைக் நாற்பதடி தூரத்தில் சும்மாதான் கிடந்தது. நடந்து போய், 'தப்பு செஞ்சுட்டேன்' என்று சொன்னால் போதும். பாதி தூரம் போனார். அறிவிப்பாளர் குறுக்கே வந்து கையைப் பிடித்துக் குலுக்கினார். "சார், இந்தக் காலத்துல உங்கள மாதிரி ஒரு ஆளா! மேலாளரும் உங்களப் பத்தித்தான் பேசிட்டிருக்காரு."

"அப்படியா," என்றார் ரூல்ஸ். சொல்ல நினைத்தது அதுவல்ல.

ஓப்பன் பிரிவை அழைத்தார்கள். தங்கை ஹெல்மெட்டோடு வந்து, சின்ன வயதிலிருந்து செருப்பு வாரைக்கூட அவரிடமே நீட்டிய பழக்கத்தில், கழுத்தை நீட்டினாள். அவர் வாரைப் பூட்டினார். பெருவிரல் கறை அவள் தாடையில் ஒட்டியது.

"தோத்தாலும் பரவால்லண்ணா. முறைப்படி ஓட்டினேன்னு இருக்கும்ல."

அவர் வாயைத் திறந்தார். அவள் ஏறிக் கதவைச் சாத்திவிட்டாள்.

மெக்கானிக் அவருடைய பேன்ட்டைப் பார்த்துக்கொண்டிருந்தான். இரண்டு முட்டியிலும் வட்டமாகக் கறுப்பு எண்ணெய், ஈரம் காயாமல்.

"எப்ப மச்சான் மண்டி போட்டீங்க?"

இன்ஜின்கள் உறுமத் தொடங்கின. ரூல்ஸ் கக்கத்திலிருந்த விதிப் புத்தகத்தை எடுத்து ஒரு முட்டியை மறைத்துப் பிடித்தார். ஒரே புத்தகம்தான் இருந்தது. மலை மாதிரி லாரிகளுக்கு நடுவில் அந்தச் சின்ன வண்டி, ஒட்டவைத்த முகத்தோடு, புகைக்குள் நுழைந்தது.