ஷினோ வைத்த சோறு, ராயா வைத்த கோப்பை

1

இந்தக் கதை எனக்கு ஒரு கிண்ணத்தின் மூடியிலிருந்து கிடைத்தது. ஜப்பானின் நெமுரோ துறைமுகத்துச் சாப்பாட்டுக் கடையில் பக்கத்து மேசைக்காரர் மூடியைத் திருப்பி உட்புறத்தைப் பார்த்தார். பார்த்த பிறகுதான் சாப்பிடவே ஆரம்பித்தார். ஏன் என்று கேட்டேன்.

"எதிர்ல இருக்கே அந்தத் தீவு, அங்க இருந்தவங்க பழக்கம்மா" என்றார். அதற்கு மேல் சொல்லவில்லை. மீதியெல்லாம் என் கற்பனை.

நான் குடும்பக் கதைகள் எழுதுகிறவள். என் கதைகளில் காணாமல்போன கணவன் கடைசி அத்தியாயத்துக்குள் வீடு திரும்பிவிடுவான்.

2

தொடக்கம்: "ரஷ்ய அதிகாரி ஷினோவை முதன்முதலாகப் பார்த்தபோது..."

(கை தானாகக் காதலுக்குப் போகிறது. ஆனால் அதிகாரியை நான் உள்ளே அனுப்பும்போதெல்லாம் ஷினோ முதுகைத் திருப்பிக்கொண்டு அரிசி களைகிறாள். அவனை நீக்கிவிட்டேன்.)

இன்னொரு தொடக்கம்: 1945-இல் போர் முடிந்தது என்று வானொலி சொன்ன பிறகுதான், வடகோடியில் ஷும்ஷு தீவின் மூடுபனிக்குள் சோவியத் படை இறங்கியது. ஷினோவின் கணவன் தோகுஜி அங்கே ஜப்பானியச் சிப்பாய். அதன்பின் அவனைப் பற்றித் தகவல் இல்லை.

இது இருக்கட்டும்.

3

நெமுரோவுக்கு எதிரே, ஷினோ இருந்த குனாஷிர் தீவுக்கும் சோவியத் படை வந்தது. மறு வருடம் அவள் வீட்டு முன்னறையில் ராயா என்ற ரஷ்ய ராணுவச் சமையல்காரி குடிவைக்கப்பட்டாள். பின்னறையில் ஷினோவும் நாத்தனார் மிட்சுவும்.

வேளாவேளைக்கு ஷினோ தோகுஜியின் படத்துக்கு முன் சுடுசோறு வைத்து மூடுவாள். வெளியூரில் இருப்பவன் பட்டினி கிடக்கக் கூடாது என்பதற்காக.*

* மூடியின் உட்புறம் நீர் கோத்திருந்தால் ஆள் உயிரோடு இருக்கிறான். காய்ந்திருந்தால் இல்லை.

"நனைஞ்சிருக்கா அண்ணி?"

"நனைஞ்சிருக்கு."

"உங்க சமையலைச் சாப்பிட்டும் எங்கண்ணன் உசுரோட இருக்கான். கெட்டி உடம்புதான்."

ஒரு மதியம் சோற்றை மூடி வைத்துவிட்டு ஷினோ தண்ணீர் எடுக்கப் போனாள். திரும்பியபோது கிண்ணத்தின் பக்கத்தில் ஒரு கோப்பை வோட்கா. அதன்மேல் ஒரு துண்டு கறுப்பு ரொட்டி.

"இது யாருக்கு?"

"உன் வீட்டுக்காரருக்குத்தான்" என்றாள் ராயா. கண் கலங்கியிருந்தது. "வெறும் சோறு மட்டும் வச்சிருந்தியே, மனசு கேக்கலை. எங்கண்ணன் படத்துக்கும் இப்படித்தான் வச்சோம்."

"உங்கண்ணன் எங்க இருக்காரு?"

"மண்ணுக்குள்ள."

ஷினோ மூடியைத் தூக்கினாள். உட்புறம் காய்ந்து கிடந்தது.

[சோறு ஆறியிருந்தது என்று எழுதினால் எல்லோரும் தப்பிக்கலாம். எழுதினேன், அடித்துவிட்டேன். கிண்ணம் அவள் விரலைச் சுட்டது.]

4

கோப்பையை எடுக்க யாருக்கும் துணிவு வரவில்லை. மறுநாள் காலையில் ஷினோ புதுச்சோறு வைத்து மூடித் திறந்தாள். மூடியிலிருந்து நீர் சொட்டியது. கோப்பையில் வோட்கா பாதிதான் இருந்தது. மேலே ரொட்டி வைத்தது வைத்தபடி.

"நீ குடிச்சியா?"

"செத்தவங்க பங்கை யாராவது தொடுவாங்களா?" என்றாள் ராயா. உதடு வெளுத்திருந்தது.

மிட்சு குடித்தாள் என்று ஒரு வரி

(இல்லை. அவள் கோப்பைப் பக்கம் போகவே மறுக்கிறாள்.)

தோகுஜியை நான் இந்தக் கதைக்குள் கொண்டுவரவே இல்லை. அவனுக்கு ஒரு வாய்கூட எழுதவில்லை. பிறகு யார் குடித்தது?

5

முடிவு அ: சைபீரியப் போர்க்கைதி முகாமிலிருந்து தோகுஜி இளைத்து, தாடியோடு வருகிறான். (என் பழைய கை.)

முடிவு ஆ: அவனோடு இருந்த சிப்பாய் ஒருவன் வந்து, தொப்பியைக் கழற்றி... (இதை முடிக்க மாட்டேன்.)

இப்போது சாயங்காலம். மிட்சு கேலி பேசுவதை விட்டுவிட்டாள்.

"ரெண்டுல ஒண்ணை எடுத்துடுங்க அண்ணி. எந்தப் பக்கம் போறதுன்னு தெரியாம அண்ணன் நடுவுல நிக்குறான்."

"எதை எடுக்க?"

மிட்சு கிண்ணத்தையும் கோப்பையையும் மாறி மாறிப் பார்த்தாள். ராயா சுவர்ப்பக்கம் திரும்பிக்கொண்டாள். ஷினோ என்னைப் பார்க்கிறாள். எனக்குத் தெரியாது என்பது அவளுக்கும் தெரிகிறது. அவள் பார்வை என்னைத் தாண்டி உங்களிடம் வருகிறது.

கிண்ணத்தில் சோறு போட்டாயிற்று. மூடி இன்னும் அவள் கையில்தான் இருக்கிறது. நீங்கள் சொன்னால்தான் மூடுவாள். யோசியுங்கள், நான் அவசரப்படுத்தவில்லை. ஆனால் ஆவி அடங்கிக்கொண்டே வருகிறது.