அண்ணன் முகம்

செத்துப்போன அப்பாவின் மோவாயைக் கட்டுவதற்காகத் துணி கிழித்துக்கொண்டிருந்தாள் அம்மியா. மூன்று நாளாகத் தூங்கவில்லை. அழுகைகூட வரவில்லை.

"அக்கா, இங்க வா."

அப்பாவின் படுக்கையைச் சுருட்டப் போன தம்பி மெனிப்போஸ் கையில் ஒரு செப்புக் காசோடு நின்றான்.

போன வருஷத்திலிருந்து அப்பாவுக்கு ஒரே வேலைதான். பேரரசர்களான அண்ணனும் தம்பியும் எதிரும்புதிருமாகப் பார்த்துக்கொண்டிருக்கும் ஊர்க் காசுகளில், தம்பியின் முகத்தை மட்டும் உளியால் செதுக்கி எடுப்பது. அண்ணன் தம்பியைக் கொன்றுவிட்டார். அந்த முகம் இனி எங்கும் இருக்கக் கூடாதென்று ரோமிலிருந்து உத்தரவு.

இந்தக் காசில் தம்பி அப்படியே இருந்தார். அண்ணனைக் காணோம்.

"கண்ணு தெரியலப்பா, விட்டுடுன்னு எத்தனை தடவை சொன்னேன்" என்றான் மெனிப்போஸ். "படுக்கையத் தடவிக்கிட்டே கிடந்தாரே, நான் மூட்டைப்பூச்சின்னு நினைச்சேன்."

ஆளும் பேரரசரின் முகத்தில் உளி வைத்த வீட்டில் ஒருவரையும் விட்டுவைக்க மாட்டார்கள்.

"கிணத்துல போட்டுரவா?"

"தூர் வாரினா வெளிய வரும்டா."

வாசலில் செருமல் கேட்டது. சந்தை அதிகாரியின் எழுத்தர் கிளைக்கோன். மெனிப்போஸ் காசை அவள் உள்ளங்கையில் திணித்துவிட்டு வாசலுக்குப் போனான்.

"உளியையும் மிச்சக் காசையும் வாங்கிட்டு வரச் சொன்னாங்கப்பா. செத்த வீடுன்னேன். போய்ட்டு வாய்யான்னுட்டாங்க."

அம்மியா அப்பாவின் வாயைத் திறந்தாள். காசின் பின்பக்கத்தில் தீப்பந்தத்தோடு நிற்கும் ஹெகாட்டே தேவி மேலே தெரியும்படி அதை நாக்கில் வைத்தாள். மோவாயைச் சேர்த்துத் துணியைக் கட்டினாள். முடிச்சு நிற்கவில்லை, மோவாய்க்கு அடியில் கையைக் கொடுத்துத் தாங்கிக்கொண்டாள்.

கிளைக்கோன் காசு மூட்டையைத் தோளில் போட்டுக்கொண்டு உள்ளே வந்தார்.

"செத்தவங்கள அக்கரை சேக்குற ஓடக்காரனுக்கு நாக்குல காசு வெச்சாச்சாம்மா? இல்லன்னா இதுலேர்ந்து ஒண்ணு எடுத்துக்க. அவரு கையால செதுக்கினது. கேட்டா நான் சொல்லிக்கிறேன்."

"வெச்சாச்சுங்க ஐயா."

"நல்ல மனுஷன். ஒரு காசுலகூடத் தப்பு பண்ணதில்ல, தெரியுமா? மத்தவனுங்க செதுக்கினதெல்லாம் பாக்கச் சகிக்காது."



"தூக்குற வரைக்கும் இருந்துட்டுப் போறேன்" என்று கிளைக்கோன் மூட்டையை இறக்கிவிட்டுச் சுவரோரம் உட்கார்ந்தார்.

வெயில் ஏறியது. துக்கம் கேட்க வந்தவர்கள் வந்து போனார்கள். அப்பாவின் மோவாய்க்கு அடியில் வைத்த கையை அம்மியா எடுக்கவில்லை. மெனிப்போஸ் ஒரு கிண்ணத்தில் தண்ணீர் கொண்டுவந்தான். அவள் கையை நீட்டாததைப் பார்த்து, பக்கத்தில் குந்தி, கிண்ணத்தை அவள் வாயருகே பிடித்தான்.