அக்காவின் கோடு

அக்காவின் சிறுநீரகம் எப்படிப் போகிறது என்பதைக் காட்டும் தாளைத் தங்கை மேசைமேல் விரித்தாள். ஏழெட்டுப் புள்ளிகள். ஒவ்வொன்றும் ஒரு ரத்தப் பரிசோதனை; சிறுநீரகம் நன்றாக வேலை செய்தால் புள்ளி உயரே இருக்கும். அவற்றின் நடுவே சரிந்து இறங்கும் ஒரு கோடு.

தங்கைக்கு மருத்துவமனையின் புள்ளியியல் பிரிவில் வேலை. மாற்றுச் சிறுநீரகத்துக்கான வரிசையில் யாரை எப்போது சேர்ப்பது என்பதை அங்கே அந்தக் கோட்டை வைத்துத்தான் முடிவு செய்வார்கள்.

“எனக்குப் புரியிற மாதிரி சொல்லுடி.”

“கோடு எல்லாப் புள்ளி மேலயும் போகாதுக்கா. எங்க வரைஞ்சாலும் கொஞ்சம் தப்பும். எவ்வளவு தப்புதுன்னு ஒவ்வொண்ணா அளந்து, அந்த அளவை அதாலேயே பெருக்கி, எல்லாத்தையும் கூட்டுவோம். எந்தக் கோட்டுக்குக் கூட்டல் ரொம்பக் கம்மியோ, அதான் நம்ம கோடு. அதை நீட்டினா இனிமே எப்படிப் போகும்னு தெரியும்.”

“அதாலேயே எதுக்குப் பெருக்கணும்?”

“மேல தப்புறதும் கீழ தப்புறதும் ஒண்ணையொண்ணு கழிச்சிடக் கூடாதுல்ல. அப்புறம், ரெண்டு தப்பினா நாலு, பத்து தப்பினா நூறு. தூரமா நிக்கிற புள்ளி கோட்டையே தன் பக்கம் இழுத்துக்கும்.”

“நம்ம சின்ன மாமா மாதிரி. ஒத்த ஆள் கத்தினா கல்யாணமே நின்னுடும்.”

தங்கை சிரிக்கவில்லை. கடைசிக்கு முந்தைய புள்ளியில் பென்சிலை வைத்தாள். அது மட்டும் வெகு உயரத்தில் தனியாக நின்றது.

“இது இருக்கிறதால உன்னை வரிசையில சேர்க்க இன்னும் ஒண்ணரை வருஷம் இருக்குன்னு வருது. இதை எடுத்துட்டா இந்த வாரமே உன்னை வரிசையில சேர்த்துடுவாங்க.”

“ஒண்ணரை வருஷம் தாங்குவேனா?”

“மாட்டே.”

“அப்ப எடுத்துடேன்.”

“காரணம் எழுதணும்க்கா. அந்தத் தடவை என்ன நடந்துச்சு?”

அக்கா சமையலறைப் பக்கம் பார்த்தாள். குழாய்ச் சத்தம். மகள் பாத்திரம் கழுவிக்கொண்டிருந்தாள். மருத்துவமனையில் ரத்தம் எடுப்பவள் அவள்தான். வேலைக்குப் புதிது.

“எடுத்த ரத்தம் உறைஞ்சிடுச்சாம். என் கையெல்லாம் கன்னிப் போயிருந்துச்சு. திரும்பக் குத்த அவளுக்கு மனசு வரல.” அக்கா குரலைத் தாழ்த்தினாள். “தன் ரத்தத்தை எடுத்து வச்சிட்டா.”

தங்கை பென்சிலைக் கீழே வைத்தாள்.

“எழுதினா அவ வேலை போயிடும். அப்புறம் எவனும் வேலைக்கு எடுக்க மாட்டான்.”

“இதால என்ன ஆகுதுன்னு அவளுக்குத் தெரியுமா?”

“தெரியாது. நீயும் வாயத் திறக்காதே.”

“இனி எத்தனை தடவை ரத்தம் குடுத்தாலும் இது இழுத்துக்கிட்டேதான் இருக்கும்க்கா.”

“அதான் புரியிற மாதிரி சொல்லிட்டியே.”

மகள் ஈரக் கையைத் துடைத்தபடி வந்தாள். “என்ன சித்தி, கோடு என்ன சொல்லுது?”

தங்கை தாளை மடித்தாள்.

“ஒண்ணரை வருஷம் இருக்காம்” என்றாள் அக்கா.

“அப்பாடா” என்று மகள் அம்மாவின் தோளில் சாய்ந்துகொண்டாள்.